வயர்லெஸ் கீபோர்டு: தூங்குகிறதா, கேட்கவில்லையா, பெயர் அடிபட்டதா?

வயர்லெஸ் கீபோர்டு லேப்டாப்பிலிருந்து அடிக்கடி விட்டுப்போகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ரிமூவ் பண்ணிட்டு மறுபடி பேர் பண்ணு" என்பார்கள், அதாவது லேப்டாப்பின் பட்டியலிலிருந்து கீபோர்டை நீக்கிவிட்டு மறுபடி ஜோடி சேர்ப்பது, பேரிங். அதற்கும் மசியவில்லை என்றால் "பேட்டரியை மாத்து". கடைசியாக "புதுசா ஒண்ணு வாங்கிடு". முதல் யோசனை எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. ஆனால் அது உண்மையில் பொருந்தும் இடங்கள் குறைவு. செய்தவுடன் கீபோர்டு வேலை செய்யும் என்பது சரிதான். புதிதாக இணைத்த எந்தக் கீபோர்டும் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் இருக்கும். மறுநாள் பழைய கதை.

வெளியே ஒரே மாதிரி தெரியும் இந்தத் தொல்லைக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு உரிய மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கீபோர்டு எப்படிப் போகிறது என்பதைவிட எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அது புரிய, வயர் இல்லாமல் இந்த இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று தெரிய வேண்டும்.

## உங்களிடம் இருப்பது எந்த வகை?

வயர்லெஸ் கீபோர்டு என்று கடையில் விற்பது இரண்டு வகை. ஒன்று டாங்கிளோடு வருவது. டாங்கிள் என்றால் யூஎஸ்பி துளையில் செருகும் விரல் நகம் அளவுச் சின்ன ரேடியோ. கீபோர்டு அந்த டாங்கிளோடுதான் பேசும். லேப்டாப்போடு நேராகப் பேசாது. லேப்டாப்பைக் கேட்டால், "எனக்கு ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டு செருகியிருக்கிறது" என்றுதான் சொல்லும். வயர் இல்லை என்பதே அதற்குத் தெரியாது.

இன்னொன்று புளூடூத் கீபோர்டு. இதற்கு எதையும் செருக வேண்டாம். லேப்டாப்புக்குள் இருக்கும் புளூடூத் ரேடியோவே நேரடியாகப் பேசும். அதனால் விண்டோஸ், டிரைவர், மின்சேமிப்பு அமைப்பு எல்லாமே இந்த உறவில் தலையிடும். டிரைவர் என்பது ஒரு பாகத்தை எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித்தரும் மென்பொருள். சில கீபோர்டுகளில் இரண்டு வழிகளும் இருக்கும். எதில் இணைத்திருக்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வகையும் பயன்படுத்தும் அலை கிட்டத்தட்ட ஒன்றே: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 240 கோடி முறை அதிரும் ரேடியோ அலை. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்தப் பட்டை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடியது. இலவசம் என்றால் கூட்டம் இருக்கும்தானே. வைஃபை, வயர்லெஸ் மவுஸ், ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இங்கேதான்.

## இணைப்பு என்பது ஒரு வருகைப் பதிவு

இணைப்பு என்றதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இரண்டுக்கும் நடுவே கட்டப்பட்டிருப்பதாகத்தான் பலரும் கற்பனை செய்கிறோம். கயிறு அறுந்தால் துண்டிப்பு. உண்மையில் அப்படி எதுவும் இல்லை. நடப்பது பள்ளி வருகைப் பதிவு மாதிரி. லேப்டாப் ஆசிரியர், கீபோர்டு மாணவர். ஆசிரியர் குறித்த நேர இடைவெளியில் பெயரைக் கூப்பிடுவார். மாணவர் "உள்ளேன் ஐயா" என்பார். நீங்கள் ஒரு விசையை அழுத்தியிருந்தால் அந்தப் பதிலோடு சேர்த்து அதையும் சொல்லிவிடுவார்.

இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலும் இருப்பது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புளூடூத் வகை. அதில் ஒரு கூப்பிடுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே 7.5 மில்லிவினாடி முதல் 4 வினாடி வரை இருக்கலாம். எவ்வளவு என்பதைக் கருவிகளே முடிவு செய்துகொள்கின்றன. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்பதற்காக மாணவருக்கு ஒரு சலுகையும் உண்டு: சொல்ல எதுவும் இல்லாவிட்டால் சில முறை பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு வரம்புக்கு மேல் சத்தமே இல்லை என்றால் ஆசிரியர் பெயரை அடித்துவிடுவார். இந்த வரம்பு 0.1 வினாடி முதல் 32 வினாடி வரை எதுவாகவும் இருக்கலாம். நாம் துண்டிப்பு என்று சொல்வது இந்தப் பெயர் அடிபடுவதைத்தான். எதுவும் அறுந்துபோகவில்லை, கூப்பிட்டதற்கு நேரத்துக்குள் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பள்ளியில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு அறையில் பதிவு எடுப்பார்கள். பட்டையை 40 சிறு அலைவரிசைகளாகப் பிரித்து, அதில் 37ஐப் பேச்சுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்து எந்த அறை என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்த வரிசை. இப்படித் தாவிக்கொண்டே இருப்பதற்கு அதிர்வெண் தாவல் என்று பெயர். ஓர் அறையில் சத்தம் அதிகம் என்றால் அடுத்த அறையில் கேட்டுவிடும். சத்தமான அறைகளை வரிசையிலிருந்தே நீக்கிவிடும் திறமை 2003இல் வந்த புளூடூத் 1.2 முதல் இருக்கிறது.

பேரிங் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. அது பள்ளிச் சேர்க்கை. முதல் நாள் இருவரும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சாவி ஒரு நீண்ட எண். அதற்குப் பிறகு எத்தனை முறை பெயர் அடிபட்டாலும் அந்தச் சாவியைக் காட்டி மறுபடி வகுப்புக்குள் வந்துவிடலாம். அன்றைய வருகையில் பெயர் அடிபட்டதற்காகப் பிள்ளையின் டிசியை வாங்கி மறுபடி அட்மிஷன் போடுவோமா? "ரிமூவ் பண்ணிட்டு பேர் பண்ணு" என்பது பெரும்பாலும் அந்த மாதிரி வேலைதான்.

இதுவரை பார்த்தது: இணைப்பு என்பது இடைவிடாத கேள்வி பதில். பதில் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் துண்டிப்பு. பேரிங் ஒருமுறை நடப்பது, இணைப்பு தினமும் நடப்பது. இனி அந்த நான்கு கோளாறுகள்.

## ஒன்று: தூக்கம்

சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் கீபோர்டு தானே விடைபெற்றுக்கொண்டு தூங்கிவிடும். நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் விழித்து, "வந்துவிட்டேன்" என்று அறிவிக்கும். லேப்டாப் அதைக் கேட்டு மறுபடி சேர்த்துக்கொள்ள ஓரிரு வினாடி ஆகலாம். அந்த நேரத்தில் அடித்த முதல் எழுத்துகள் காணாமல் போகும், அல்லது தாமதமாக வரும்.

அடையாளம்: சும்மா விட்ட பிறகு மட்டும் நடக்கும்; தட்டினால் தானே திரும்பி வரும். இது கோளாறே இல்லை. இப்படித் தூங்குவதால்தான் ஒரு ஜோடி பேட்டரி மாதக்கணக்கில் வருகிறது. டைப் செய்யும் முன் ஷிஃப்ட் விசையை ஒருமுறை தட்டி எழுப்பிவிடுங்கள். என்டரைத் தட்டி எழுப்பாதீர்கள்; பாதி எழுதிய செய்தி யாருக்காவது போய்ச் சேரும்.

பேட்டரியையும் இங்கேயே பேசிவிடலாம். ரேடியோ பதில் அனுப்பும் அந்த நொடித் துணுக்கில் மட்டும் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் இழுக்கும். பலவீனமான பேட்டரியில் அப்போது வோல்ட்டேஜ் சரிந்து, கீபோர்டின் சிப் அணைந்து எழும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் ஜிங்க் பேட்டரி கடிகாரத்துக்குப் போதும், கீபோர்டுக்கு அல்கலைன் போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை பேட்டரி 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும் என்பதால், முழுதாக ஏற்றிய பிறகும் சில கீபோர்டுகள் சார்ஜ் குறைவு என்று காட்டலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

## இரண்டு: கூச்சல்

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான் என்பது என் கணிப்பு. காரணம் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

அடையாளம்: டைப் செய்துகொண்டிருக்கும்போதே நடக்கும். எழுத்துகள் நின்று, பிறகு மொத்தமாகக் கொட்டும். அல்லது ஒருமுறை அழுத்திய எழுத்து "கககககக" என்று ஓடும். சில வினாடிகளில் தானே சரியாகும். குறிப்பிட்ட மேஜையில், குறிப்பிட்ட வேலை நடக்கும்போது மட்டும் மோசமாகும்.

அந்த ஒரே எழுத்து ஓடுவதற்குச் சுவையான காரணம் இருக்கிறது. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. "இந்த விசை அமுங்கியது" என்று ஒரு செய்தியும், "விடுபட்டது" என்று ஒரு செய்தியும் அனுப்புகிறது. முதலாவது போய்ச் சேர்ந்து இரண்டாவது கூச்சலில் தாமதமானால், நீங்கள் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்கிறது. விசை மாட்டிக்கொண்டது என்று கீபோர்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கூச்சல் போடுபவர்களில் முதல் குற்றவாளி, பக்கத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கும் யூஎஸ்பி 3 சாதனம். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், பல துளைகள் கொண்ட ஹப். யூஎஸ்பி 3 வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தகவல் அனுப்பும்போது, துளையிலிருந்தும் கேபிளிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அது சரியாக 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. டாங்கிளை ஹார்டு டிஸ்குக்கு அடுத்த துளையில் செருகுவது, ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ரகசியம் கேட்பதற்குச் சமம்.

சோதனை எளிது. ஹார்டு டிஸ்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் டைப் செய்யுங்கள். கோளாறு நின்றால் ஆள் பிடிபட்டான். தீர்வும் மலிவு: ஒரு சின்ன யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். டாங்கிளை அதன் முனையில் செருகி, கீபோர்டுக்கு அருகே மேஜைமேல் வைத்துவிடுங்கள். சில கீபோர்டுகளின் பெட்டியிலேயே இந்தக் கேபிள் வரும். எதற்கு என்று தெரியாமல் அப்படியே அலமாரிக்குப் போய்விடும். கேபிள் இல்லாவிட்டால் லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்காவது டாங்கிளை மாற்றுங்கள்.

இரண்டாவது ஆள் வைஃபை. பல லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கின்றன, ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் முறை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பெரிய டவுன்லோடு ஓடும்போது கீபோர்டு திக்குவதற்கு இது ஒரு காரணம். ஒரு வைஃபை அலைவரிசையின் அகலம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ், புளூடூத்தின் ஓர் அறை 2 மெகாஹெர்ட்ஸ். ஆக, ஒரு ரவுட்டர் மட்டுமே பத்து அறைகளை ஆக்கிரமிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீர்வு, லேப்டாப்பை ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுவது. வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரோடு "5ஜி" என்று ஒட்டிக்கொண்டு ஒன்று தெரிகிறதே, பல வீடுகளில் அதுதான் இது. செல்போனின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வெறும் அலையின் அளவு. சுவர்களைத் தாண்டுவதில் 5 ஜிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் சோனி, அதனால் ரவுட்டர் இருக்கும் அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால்தான் பயன்.

மைக்ரோவேவ் அடுப்பு சுமார் 2.45 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சாப்பாட்டு மேஜையில் வேலை செய்பவர்கள் அது ஓடும் நேரத்தோடு கோளாறு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

பெரிய மானிட்டரோடு இணைத்து லேப்டாப்பை மூடி வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல லேப்டாப்களில் ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் இருக்கிறது. மூடியை மூடி, இரும்பு ஸ்டாண்டில் வைத்து, மானிட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டால், பெட்டியில் 10 மீட்டர் என்று எழுதியிருக்கும் கீபோர்டு ஒரு மீட்டரில் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. அந்தப் 10 மீட்டர் தடையில்லாத வெளிக்கான கணக்கு.

இதுவரை: தொடாமல் விட்டபின் போய், தட்டினால் வந்தால் தூக்கம். டைப் செய்யும்போதே திக்கித் திணறித் தானே சரியானால் கூச்சல். இரண்டிலும் பேரிங் மீது தவறில்லை.

## மூன்று: ஆசிரியரே தூங்கிவிட்டார்

பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டும் என்ற ஆசை லேப்டாப்புக்கும் உண்டு. பயன்படாமல் இருக்கும் புளூடூத் ரேடியோவையோ யூஎஸ்பி துளையையோ விண்டோஸ் அணைத்துவைக்கும். திரும்ப எழுப்புவதில் டிரைவர் சொதப்பினால் கீபோர்டு எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.

அடையாளம்: என்ன தட்டினாலும் திரும்பி வராது. புளூடூத்தை அணைத்துப் போட்டால், அல்லது டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் உடனே வரும். லேப்டாப்பை ஸ்லீப்பிலிருந்து எழுப்பிய பிறகு அதிகம் நடக்கும். புளூடூத் மவுஸும் இருந்தால் அதுவும் அதே நேரத்தில் போயிருக்கும். இரண்டு பேர் ஒரே நொடியில் மயங்கி விழுந்தால் சந்தேகம் ஆசிரியர் மேல்தான். டாங்கிள் வகையில் இன்னொரு துப்பு: எதையாவது செருகும்போதும் பிடுங்கும்போதும் விண்டோஸ் எழுப்பும் அந்த மணியோசை, யாரும் தொடாமலேயே கேட்டால், போனது கீபோர்டு அல்ல, டாங்கிளே. துளையையோ ஹப்பையோ மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸில் லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, புளூடூத் பிரிவில் உங்கள் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். அடாப்டர் என்பது லேப்டாப்புக்குள் இருக்கும் அந்த ரேடியோதான். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். டாங்கிளுக்கு இதே வேலையை யூஎஸ்பி ஹப் என்ற பெயரில் இருப்பவற்றில் செய்ய வேண்டும். சில புதிய லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புளூடூத் டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வழி.

அப்புறம் ஒன்று. "ஷட் டவுன் செய்து திரும்பப் போட்டும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் பலர். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் மையப்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலையைச் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். சொதப்பிய டிரைவரும் அதே நிலையில் திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

## நான்கு: சாவி பொருந்தவில்லை

இங்கேதான் எல்லோரும் சொல்லும் அந்த யோசனைக்கு வேலை. அடையாளம்: லேப்டாப்பின் புளூடூத் பட்டியலில் கீபோர்டு ஏற்கனவே பேரிங் ஆனதாக இருக்கும், ஆனால் இணையவே இணையாது, அல்லது இணைந்த மறுகணமே போய்விடும். இரு தரப்பிலும் இருக்க வேண்டிய சாவிப் பிரதிகள் இப்போது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும், அதைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. இரண்டும் ஒரே புளூடூத் ரேடியோவைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் தனித்தனியாகச் சாவி உருவாக்குகின்றன. லினக்ஸில் பேர் செய்ததும் கீபோர்டு பழைய சாவியை மறந்துவிடும். விண்டோஸுக்குத் திரும்பினால் அங்கே பழைய சாவி. விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்களுக்கும் இதே நிலைதான். கீபோர்டிடம் சாவி இருக்கிறது, லேப்டாப் மறந்துவிட்டது.

மூன்று கருவிகளோடு மாறி மாறி இணையும் கீபோர்டு என்றால், முதலில் 1, 2, 3 என்ற பொத்தான்களைப் பாருங்கள். கை தவறி 2ஐத் தட்டியிருந்தால், கீபோர்டு உங்களை விட்டுவிட்டுப் பக்கத்து அறையில் இருக்கும் டேப்லெட்டோடு பேசிக்கொண்டிருக்கும். 1ஐத் தட்டினால் முடிந்தது. இதற்காக எத்தனை கீபோர்டுகள் கடைக்குத் திரும்பிப் போயிருக்குமோ.

உண்மையிலேயே சாவிப் பிரச்சினை என்றால், லேப்டாப்பில் கீபோர்டின் பெயரை நீக்குங்கள். அதோடு நிறுத்தாமல் கீபோர்டின் பேரிங் பொத்தானையும் விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். பல சமயம் மறுபேரிங் தோற்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவதுதான். திரையில் ஓர் எண் தோன்றினால் அதை லேப்டாப்பின் கீபோர்டில் அடிக்காமல், நீங்கள் சேர்க்கும் அந்தக் கீபோர்டிலேயே அடித்து என்டர் தட்ட வேண்டும்.

## யார் மேல் தவறு?

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், புளூடூத் கீபோர்டைச் செல்போனோடு இணைத்து, அதே மேஜையில் ஒரு பக்கம் டைப் செய்து பாருங்கள். டாங்கிள் வகை என்றால் இன்னொரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அங்கேயும் விட்டுப்போனால் கீபோர்டு அல்லது பேட்டரி. அங்கே ஒழுங்காக இருந்தால் உங்கள் லேப்டாப். புது கீபோர்டு வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள், புதியதிலும் அதே கோளாறைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.

லேப்டாப்பின் புளூடூத்தே சரியில்லை என்று தெரிந்தால், அதைப் பிரிக்க வேண்டியதில்லை. யூஎஸ்பியில் செருகும் தனி புளூடூத் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விண்டோஸ் ஒரே நேரத்தில் ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் பயன்படுத்தும், ஆகவே டிவைஸ் மேனேஜரில் பழையதை முதலில் டிசேபிள் செய்துவிடுங்கள். அப்புறம் கீபோர்டைப் புதிதாகப் பேர் செய்யுங்கள். ரேடியோ மாறினால் பழைய சாவி செல்லாது. அந்த அடாப்டரையும் ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில் செருகிவிடாதீர்கள்.